முறிந்த ஊசிக்கு மட்டும் மறுவேலை இல்லை

மகன்,

நேற்றுப் பின்னேரம் உன் மாமா, என் தம்பி, கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருந்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முகம் சரியில்லை. நீ சொல்லியனுப்பியதைப் பாடமாக்கிய பிள்ளை மாதிரி ஒப்புவித்தான். உன் பெண்சாதி வினோவின் கையில் ஊசி ஏறியது அவள் தைத்துக்கொண்டிருந்தபோது தவறி நடந்தது என்று நான் பொலிஸில் சொல்ல வேண்டுமாம். தைக்கிறவளுக்கு ஊசி ஏறாதா, இதில் என்ன அதிசயம், கேட்பவர்கள் நம்புவார்களாம். மாமியார் நானே அப்படிச் சொன்னால் அவள் மறுத்துப் பேசமாட்டாளாம். வழக்கு வராது, அடுத்த மாதம் நீ கனடாவுக்குப் பிளேன் ஏறலாம். இதெல்லாம் சொல்லி முடித்துவிட்டு மாமா கடைசியாக ஒன்று சொன்னான். "அக்கா, அவன் சொல்லுறான், அம்மா ஒரு நாளும் ஒண்டையும் எறியாதவ, கிழிஞ்சதைக்கூட ஒட்டுப் போட்டு எடுத்திடுவா, இதையும் ஒருக்கா சரிப்படுத்தித் தரச் சொல்லுங்கோ எண்டு." அதைக் கேட்டபிறகுதான் உனக்கு எழுதவேண்டும் என்று தோன்றியது.

அட, என் பழக்கத்தை இவ்வளவு கவனமாகப் பார்த்து வைத்திருக்கிறாயே! சரி. தேய்ந்துபோன தையல் சாமான்களுக்கு நான் இந்த வீட்டில் என்னென்ன மறுவேலை கொடுத்தேன் என்று சொல்கிறேன். சிலது உனக்குத் தெரியும், சிலது மறந்துபோயிருக்கும், சிலதை மறந்ததுபோல் நடிக்கிறாய். போனில் சொன்னால் பாதியில் கட் பண்ணிவிடுவாய், அதனால்தான் எழுத்து. கடைசி வரி வரைக்கும் வாசி.

நூல் முடிந்த கோன்களைச் சுவரில் அடித்துத் துவாய் கொழுவினேன். வெட்டி விழுந்த நூல் துணுக்குகளைச் சேர்த்துத் தலையணைக்குள் அடைத்தேன், நீ ஓ லெவல் சோதனை எடுக்கும் வரைக்கும் அதில்தான் தலை வைத்துப் படுத்தாய். எழுத்தழிந்த அளவுநாடா உன் பள்ளிக்கூடப் புத்தகங்களைக் கட்டியது. பழைய குவில்ட் போர்வைக்குள் தட்டையாகிப்போன பஞ்சை உருவி, சட்டி இறக்கும் பிடிதுணி தைத்தேன். வெள்ளவத்தைக்கு வந்த பிறகு இந்த வேலைக்கு எனக்குக் கிடைத்த கூட்டாளி வினோ. ஜிந்துப்பிட்டியில் தாயில்லாமல் வளர்ந்த பிள்ளை. நீ அவளைக் கூட்டிவந்து "அம்மா, இவதான்" என்றபோது முகத்தைச் சுளித்தேன், ஏதோ யாழ்ப்பாணத்து மகாராணி என்ற நினைப்பு எனக்கு. அவளோ வந்த கிழமையே என் கழிவுப் பெட்டியை நிலத்தில் கொட்டி, சம்மணம் கட்டி இருந்துகொண்டு, "மாமி, இதுல எவ்வளவோ செய்யலாமே!" என்றாள். அதற்குப் பிறகு எங்கள் இருவருக்கும் கதைப்பதற்கு விஷயம் முடிந்ததே இல்லை. மொட்டையாகிப்போன, துணி வெட்டுகிற வட்டக் கத்தியைக் கார்ட்போர்ட் வெட்ட வைத்தாள். பொத்தல் விழுந்த ஒட்டுவிரிப்பின் நல்ல மூலைகளை வெட்டிப் பை தைத்தாள். இந்த லேனில் இருக்கிற சனமெல்லாம் பழைய விரிப்புகளைக் கொண்டுவந்து அவளிடம் கொடுக்கத் தொடங்கியது. அவள் சிரித்தால் அடுத்த மாடிக்குக் கேட்கும். உனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை என்பதை நான் கவனிக்காமல் இல்லை.

இனி நீ மறந்த சாமான்களுக்கு வருகிறேன். கொட்டாஞ்சேனை வீட்டில் என்னிடம் இருந்தது கால் மெஷின். மிதிக்கிற சக்கரத்தையும் மேல் சக்கரத்தையும் ஒரு தோல் பெல்ட் இணைக்கும். ஓடி ஓடி அது தொய்ந்து, சக்கரத்தில் வழுக்கத் தொடங்கினால் புதுசு போடவேண்டும். பழையதை வாளியின் கைப்பிடியில் சுற்றலாம் என்று ஆணியில் மாட்டி வைத்தேன். அதற்கு மறுவேலை கொடுத்தவர் உன் அப்பா. துறைமுகத்தில் கிளார்க் வேலை, வெள்ளைச் சேர்ட், ஒபிசில் ஒருவருக்கும் முகம் கோணாத மனிசன். வீட்டுக்கு வந்து கறியில் உப்புக் கூட என்றால் கை நேரே அந்த ஆணிக்குப் போகும். தையல் மெஷின் பெல்ட் மெல்லியது, உருண்டையானது. முதுகில் விழுந்தால் தோலை உரித்துக்கொண்டுதான் திரும்பும். அடித்து முடித்ததும் சுருட்டி மறுபடி ஆணியிலேயே மாட்டுவார். வைத்த இடத்தில் வைக்கிற ஒழுங்கான மனிசன் அவர்!

அப்போது நீ சின்னப் பிள்ளை. ஒருநாள் காலையில் முனிசிபல் குப்பை லொறி மணியடித்துக்கொண்டு வந்தபோது நீ அந்தப் பெல்ட்டை ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு வெறுங்காலோடு ஓடினாய். லொறிக்குப் பின்னால் நின்றவரிடம் கொடுக்கவில்லை, நீயே எக்கி எறிந்தாய். நான் கதவடியில் நின்று பார்த்தேன். எங்கள் வீட்டில் முதன்முதலாக ஒரு பொருளை எறிந்தவன் நீதான், மகன். பின்னேரம் அப்பா கேட்டபோது நீ பொய் சொல்லவில்லை. "எறிஞ்சிட்டன்" என்றாய். துணி அளக்கிற என் மர அடிமட்டத்தை எடுத்து அது பிளக்கும்வரை உன்னை அடித்தார். காது, கன்னம், முழங்கால் என்று பார்க்கவில்லை. நீ சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். பிளந்த அந்த அடிமட்டத்தை நான் என்ன செய்தேன் தெரியுமா? மிளகாய்ச் செடிக்கு முண்டு கொடுத்தேன். உன் இரத்தம் ஊறிய தடிக்கும் மறுவேலை கொடுத்த பொம்பிளை நான். இப்போது நினைத்தால் என் கையை நானே கடிக்கவேண்டும்போல் இருக்கிறது.

கத்தரிக்கோல் கதையும் கேள். துணி வெட்டுகிற கத்தரிக்கோலால் தாளை வெட்டினால் தையற்காரிக்கு உயிரே போகும். அது மழுங்கின பிறகுதான் தாளுக்கு இறங்கும், தாளுக்கும் உதவாவிட்டால் மீன் செட்டை வெட்டக் குசினிக்குப் போகும். அப்படிக் குசினிக்கு வந்த ஒன்றோடு நான் பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அப்பா உன் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் அடித்தார். முதல் அடிக்கு ஓடிவந்தேன். இரண்டாவது அடிக்கு அவருடைய தொடையில் குத்திவிட்டேன். மழுங்கின கத்தரிக்கோல் என்று நினைக்காதே, கோபத்தில் குத்தினால் எதுவும் இறங்கும். கைப்பிடி வரைக்கும் போனது. அவர் நிலத்தில் குந்திக்கொண்டு, முதலில் தொடையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மீன் செதிலும் இரத்தமுமாக என் கை. "இனி அவனைத் தொட்டால் கழுத்துக்குத்தான் வரும்" என்றேன். அதற்குப் பிறகு செத்துப்போகும் நாள் வரை அவர் ஒருவர்மேலும் கை வைக்கவில்லை. திருந்தினார் என்று சொல்லமாட்டேன், பயந்தார், அவ்வளவுதான்.

ஆனால் ஆஸ்பத்திரியில் அவர் என்ன சொன்னார்? "கதிரையில கத்தரிக்கோல் கிடந்தது, கவனிக்காமல் அதுக்கு மேல இருந்திட்டன்." டொக்டரும் எழுதினார். எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு காயம்கூட உண்மையோடு போகவில்லை, மகன். உன் உடைந்த பல்லுக்கு கிரிக்கெட் பந்து. என் விலா எலும்புக்குக் குளியலறை. நான் எத்தனையோ தரம் படியில் விழுந்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள், அந்தக் கொட்டாஞ்சேனை வீட்டில் படியே கிடையாது! நீ என் பக்கத்தில் நின்று இதையெல்லாம் கேட்டு வளர்ந்தாய். அடிப்பதைக் கொப்பரிடம் படித்தாய் என்று ஊர் சொல்லும். அடித்தபிறகு தப்புவதை நீ என்னிடம்தான் படித்தாய்.

சனிக்கிழமைக்கு வருகிறேன். நீ டுபாயிலிருந்து கொண்டுவந்த குவில்ட் ஓரமெல்லாம் நைந்து, நடுவில் பஞ்சு உருண்டையாகி, அலுமாரிக்கு மேல் தூசு பிடித்துக் கிடந்தது. அதை வெட்டச் சொன்னது நான். "மாமி, அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா?" என்றாள் வினோ. "அவன் இதைத் திரும்பிப் பாத்தே வருசக் கணக்கு, நீ வெட்டு பிள்ளை" என்று சொல்லிவிட்டு மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போனேன். திரும்பி மாடி ஏறும்போது மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. கடகடவென்று, நிறுத்தாமல், முழு வேகத்தில். துணிமேல் ஓடுகிற சத்தம் அப்படி இராது. என்ன இவள் துணி வைக்காமல் ஓட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டே கதவைத் தள்ளினேன்.

நீ அவளைக் கதிரையிலிருந்து இழுத்து முழங்காலில் இருத்தியிருந்தாய். அவளுடைய மணிக்கட்டை உன் இடது கையால் மெஷின் தட்டில் அழுத்திப் பிடித்திருந்தாய். உள்ளங்கை மேலே பார்த்தபடி இருந்தது. உன் கால், கரண்ட் மெஷினின் பெடலில் இருந்தது. "என்ர சாமானில கை வைப்பியா? வைப்பியா?" என்று ஒவ்வொரு கேள்விக்கும் பெடலை மிதித்தாய். அவள் கத்தவில்லை, வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. டக் என்று ஊசி முறிந்தது. வெட்டிப் போட்டிருந்த வெள்ளைப் பஞ்செல்லாம் சிவப்பு. என்னைக் கண்டதும் நீ கையை விட்டுவிட்டு, "கை தவறிப் போச்சம்மா" என்றாய். என் கையிலிருந்த மீன் பையால் உன் முகத்தில் அடித்தேன். அடித்தேன், அடித்தேன், பை கிழிந்து மீன் நிலமெல்லாம் சிதறும்வரை அடித்தேன். நீ தலையைப் பொத்திக்கொண்டு படியால் இறங்கி ஓடினாய். கையில் மீனுக்குப் பதிலாகப் பழைய கத்தரிக்கோல் இருந்திருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதம் இராது, நீயும் இருக்கமாட்டாய்.

உனக்கு நினைவிருக்கும், அப்பா போன பிறகு நான் இரத்மலானைப் பக்கம் ஒரு கார்மென்ட்ஸில் தைத்தேன். அங்கே ஒரு சட்டம். ஊசி முறிந்தால் எல்லாத் துண்டும் கையில் வரும்வரை அந்த மெஷின் ஓடக்கூடாது. நிலத்தைக் கூட்டி, காந்தம் பிடித்து, துண்டுகளை ஒரு தாளில் ஒட்டி, முழு ஊசியும் சேர்ந்துவிட்டது என்று காட்டினால்தான் புது ஊசி. ஒரு முனை குழந்தைச் சட்டையில் தங்கிப்போனால் ஆர் பதில் சொல்வது? தையலில் எதையும் திருப்பிப் பாவிக்கலாம், முறிந்த ஊசியை மட்டும் பாவிக்க முடியாது. அந்தப் பழக்கம் என் எலும்பில் ஊறியது. வினோவின் கையில் துவாயைச் சுற்றிக் கீழ்வீட்டுப் பிள்ளையை த்ரீவீல் பிடிக்கச் சொல்லிவிட்டு, இரத்தத்துக்கு நடுவில் முழங்காலில் தவழ்ந்து தேடினேன். மெஷினில் ஒரு துண்டு, பஞ்சில் ஒரு துண்டு. முனை இல்லை. களுபோவில ஆஸ்பத்திரியில் அந்த இரண்டு துண்டையும் டொக்டரிடம் கொடுத்தேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்புக்கும் நரம்புக்கும் இடையில் முனை இருந்தது. வெட்டி எடுத்தார்கள். எடுத்துவிட்டார்கள், ஆனால் அவளுடைய நடுவிரலும் மோதிரவிரலும் இன்னும் மடங்கவில்லை. இனி மடங்குமா என்று கேட்டால், பார்ப்போம் என்கிறார்கள்.

ஆஸ்பத்திரிப் பொலிஸ் அன்றைக்கே வந்து கேட்டது. வினோ சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். நானும் வாய் திறக்கவில்லை. இத்தனை வருடப் பழக்கம், நாக்குத் தானாக மடிந்துகொண்டது. நான் பேசாமல் இருந்ததை நீ சம்மதம் என்று கணக்குப் போட்டுவிட்டாய், அதனால்தான் நேற்று மாமாவை அனுப்பத் துணிந்தாய். அவன் போகும்போது, "அக்கா, பாஸ்போர்ட்டையும் தாங்கோ, ஏஜென்சிக்காரன் கேக்கிறானாம்" என்றான். "தேடி வைக்கிறன், நாளைக்குப் பின்னேரம் வா" என்றேன். அவனுக்கு ஒரு பெரிய நிம்மதி, தேத்தண்ணியை முழுக்கக் குடித்துவிட்டுப் போனான்.

இன்றைக்குக் காலையில் இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு வார்டுக்குப் போனேன். ஊட்டிவிட்டேன். பாதியில் அவள் சொன்னாள், "மாமி, நீங்க என்ன சொல்றீங்களோ அதையே நானும் சொல்றேன். உங்களுக்குக் கஷ்டம் வேணாம்."

"என்ர கஷ்டத்தை விடு. உனக்கு என்ன வேணும்? அதைச் சொல்லு."

ஊட்ட வந்த என் கையைத் தள்ளிவிட்டாள். "எனக்கு அவர்கூட ஒரு வீட்டுல இருக்க ஏலாது மாமி. கதவு திறக்கிற சத்தம் கேட்டாலே கையை ஒளிச்சுக்கிறேன். ஆனா உண்மையைச் சொன்னா உங்களுக்குப் பிள்ளை இல்லாமப் போயிரும். இருக்கிறதே ஒரு பிள்ளை."

கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் எனக்காக அழுகிறாள், மகன். நீ அந்தக் கையைத்தான் பிடித்து அழுத்தினாய். "அடி விசரி, வாயைத் துடை" என்று சொல்லிவிட்டு எழும்பினேன்.

உனக்கு ஒரு தாய் சொல்லவேண்டிய புத்தி என்று என்னிடம் இருப்பது இவ்வளவுதான். கோபம் வந்துவிட்டது, தலை வெடித்துவிட்டது, அப்பாவைப் பார்த்து வளர்ந்தேன் என்று ஆரிடமும் சொல்லாதே. கோபம் எனக்கும் வரும், உனக்கே தெரியும். ஒபிசில் உன் மனேஜர் எத்தனை தரம் உன்னை நாய் மாதிரி ஏசியிருக்கிறான், அவனுடைய கையைப் பிடித்து எந்த மெஷினிலாவது வைத்தாயா? ஆரை அடிக்கலாம், ஆரை அடிக்கக்கூடாது என்று உன் கைக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. கனடாவுக்குப் போனால் எல்லாம் மாறும் என்று நினைக்கிறாய். அங்கேயும் ஒரு பெண் வருவாள், அவளுக்கும் ஒரு கை இருக்கும். அங்கே ஓடிவந்து உன்னை அடிக்க நான் இருக்கமாட்டேன். குப்பை லொறிக்குப் பின்னால் ஓடிய அந்தப் பிள்ளைமேல் எனக்கு இன்றைக்கும் உயிர். அதற்காக நீ செய்ததைப் பூசி மெழுக என்னால் ஏலாது.

வார்டிலிருந்து நான் நேரே போன ஆஸ்பத்திரிப் பொலிஸ் அறையில் ஒரு நடுவயதுக்காரர் இருந்தார். கதிரையைக் காட்டினார். வார்டு, கட்டில், பெயர் எல்லாம் கேட்டுவிட்டு, இரக்கமான குரலில், சிங்களத்தில், "மே துவகே அம்மாத?" என்றார். இந்தப் பிள்ளையின் அம்மாவா என்று கேட்கிறார்.

"நே மாத்தயா. கொல்லாகே அம்மா." இல்லை, பெடியனுடைய அம்மா.

அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஹிதலா பலலா கியன்ன அம்மே" என்றார், யோசித்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்று. யோசித்துத்தான் வந்தேன் என்றேன். பாதி சிங்களம், பாதி தமிழ், சொல் வராத இடத்தில் என் கையையே மேசையில் மல்லாத்தி வைத்து, நீ எப்படிப் பிடித்தாய், எப்படி மிதித்தாய் என்று காட்டினேன். அவர் எழுதினார். எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்ட ஒருவரைக் கூப்பிட்டார். சந்தேக நபரின் தாய் என்று அந்த ஆள் வாசித்தபோது மேசையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அதற்குக் கீழேதான் கையெழுத்துப் போட்டேன்.

இந்தக் கடிதத்தைக் கீழ்வீட்டுப் பிள்ளையிடம் இப்போதே கொடுத்தனுப்புகிறேன். இன்றைக்குப் பின்னேரம் மாமாவை அனுப்பாதே, அவன் வீணாக பஸ் ஏறுவான். பாஸ்போர்ட் வீட்டில் இல்லை. கையெழுத்துப் போட்ட கையாலேயே அதையும் அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். பொலிஸ் உன்னைத் தேடி வருமுன் நீயாகப் போ. போய், நான் சொன்னதை உன் வாயால் சொல்லு. போவதானால் எனக்குப் போனில் ஒரு கோல் எடு, பொலிஸ் கேட்டடியில் வந்து நிற்பேன், உன்னோடு உள்ளே வருவேன். ஒளித்துக்கொண்டு இருப்பதானால் கொட்டாஞ்சேனையில் நீ எந்த வீட்டில் இருக்கிறாய் என்று அவர்களுக்குக் காட்டப்போவதும் நான்தான்.

அம்மா